டாங்காவில் இறங்கியவர்கள்

எம்டன் கதை தெரியாத தமிழர் குறைவு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டுவிட்டு இருட்டோடு இருட்டாகப் போன ஜெர்மன் கப்பல். ஐகோர்ட் சுவரில் அதற்குக் கல்வெட்டே இருக்கிறது. யாருக்கும் அடங்காத மாமனாரை "அவரு ஒரு எம்டனுங்க" என்று எங்கள் பக்கம் இன்னமும் சொல்வார்கள்.

அந்த ராத்திரி கழிந்து ஆறே வாரத்தில், மெட்ராஸ் மாகாணத்தில் ஆள் எடுத்த இரண்டு பட்டாளங்கள் கடல் தாண்டிப் போய் ஆப்பிரிக்காவில் ஒரு ஜெர்மன் துறைமுகத்தில் கரையிறங்கின. இறங்கியவர்களில் பலர் திரும்பவில்லை. ஊர் பெயர் டாங்கா, இன்றைய தான்சானியாவின் வடகிழக்கு மூலை. கப்பல் வந்து நம் மேல் குண்டு போட்டதை நூறு வருஷமாகப் பேசுகிறோம். நம் ஆட்கள் கப்பலேறிப் போய்ச் செத்ததைப் பேச ஆளில்லை. போர்வெல் தொழில் என்னை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்காவிட்டால் எனக்கும் இதில் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் கிடையாது என்பது தெரிந்ததுதான். கொஞ்ச வருஷங்களாக ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறுகிறது. நான் வண்டி முதலாளி இல்லை, கம்ப்ரசர் மெக்கானிக். எங்கே எந்த வண்டி படுத்தாலும் போய்ப் பார்க்கிற வேலை. டாங்கா மாநிலத்தில் ஹண்டேனிப் பக்கம் ஒரு வண்டியின் ஏர் எண்டில், அதாவது கம்ப்ரசரில் காற்றை அழுத்துகிற பாகத்தில், பேரிங் போய்விட்டது. புது பேரிங் வந்து துறைமுகத்தில் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார்கள். வண்டி நின்றால் சம்பளம் ஓடும், வேலை ஓடாது. டிரில்லர் சங்ககிரிப் பையன். "ஏனுங்ண்ணா, சும்மா குந்தீட்டு இருக்கறதுக்குக் கடலையாச்சும் பாத்துட்டு வந்தர்லாமுங்களா" என்றான். டாங்கா போன கதை இவ்வளவுதான். புனிதப் பயணமெல்லாம் இல்லை.

செகேரா தாண்டி முஹேஸா வழியாகப் போகிற அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் கத்தாழைக் காடு. காடு என்றால் விளைநிலம் என்ற நம்மூர் அர்த்தத்திலேயே காடு. கோடு போட்டு நட்ட வரிசைகள், கண்ணுக்கெட்டின மட்டும். நம் பக்கம் ஆனைக்கத்தாழை வேலி ஓரத்தில் தானாகக் கிடக்கும். மடலை வெட்டி ஊறப்போட்டு, அடித்து, நார் உரித்துக் கயிறு திரிப்பார்கள். சாறு பட்ட கை ரெண்டு நாளைக்கு அரிக்கும். ஆடு கட்டுகிற கயிறும் கிணற்றுக் கயிறும் அதில்தான் வந்தன. இங்கே அதன் பங்காளியான சைசல் ஒரு தேசத்தின் ஏற்றுமதியே ஆகியிருக்கிறது. 1893இல் ஒரு ஜெர்மன் தாவரவியலாளர் புளோரிடாவிலிருந்து கன்றுகளை வரவழைத்தார். வழியில் வாடினது போகப் பிழைத்தது 62 செடி, அதிலிருந்து பெருகினதுதான் இத்தனையும் என்று சொல்கிறார்கள். டிரில்லர் தம்பி வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு மடலின் நுனி முள்ளை ஒடித்துப் பார்த்தான். "நம்முளுதவிட நார் நீளமுங்ண்ணா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.

இந்தச் சைசலும் ரப்பரும் தென்னையும் நின்ற தோட்டங்களுக்குள்தான் 1914இல் சண்டை நடந்தது. எட்ட நின்றவன் கண்ணுக்கு எதுவும் தெரியாத இடம்.

டாங்காவில் பஜாஜி ஆட்டோ பிடித்தோம். அங்கே மூன்று சக்கர வண்டி எல்லாமே பஜாஜிதான். ஊருக்குக் கிழக்கே, விரிகுடா வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு ராஸ் கசோனே என்று பெயர். இப்போது வசதியான வீடுகள், மதில்கள், வேப்ப மரங்கள், ஒரு நீச்சல் கிளப். மதில்களுக்கு நடுவே சந்து மாதிரி இறங்கினால் பவளப் பாறை. கடல் அரித்து ஓட்டை ஓட்டையாக்கின கறுத்த பாறை, செருப்பில்லாத காலைக் கிழித்துவிடும். அதன் கீழே கொஞ்சூண்டு மணல், அப்புறம் அலையாத்திச் செடிகளின் வேர். நாங்கள் போனபோது கடல் வற்றியிருந்தது. முழங்கால் தண்ணீரில் பெண்கள் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாய்மரத் தோணி ஒன்று சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஏறி மேலே வர வேண்டிய மேடு இரண்டு ஆள் உயரம் இருக்கும், சில இடத்தில் அதற்கும் மேல். துப்பாக்கியும் முதுகு மூட்டையுமாக ராத்திரியில், ஈரத் துணியோடு, தெரியாத ஊரில் இதில் ஏற வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். பகலிலேயே வேரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

நடந்தது இதுதான். ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவைப் பிடிப்பதற்கு இந்தியாவிலிருந்து 'பி' படை என்று ஒன்றை அனுப்பினார்கள். சுமார் 8,000 பேர். தலைவர் மேஜர் ஜெனரல் ஆர்தர் எய்ட்கன். அதில் மெட்ராஸ் பக்கத்து ஆட்கள் 61வது பயனியர் பட்டாளத்திலும் 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியிலும் இருந்தார்கள். தமிழர், தெலுங்கர், முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் கலந்த பட்டாளங்கள். பயனியர் என்றால் துப்பாக்கியோடு கடப்பாரையும் மண்வெட்டியும் தூக்குகிறவன், ரோடு போடுகிறவன், பாலம் கட்டுகிறவன். அவர்களோடு ராஜபுத்திரர், காஷ்மீர், குவாலியர் சமஸ்தானப் படைகள், வெள்ளைக்காரர்களின் லங்காஷயர் பட்டாளம் ஒன்று. அக்டோபர் 16 பம்பாயில் கிளம்பின கப்பல் கூட்டம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. கடலே பார்க்காத சிப்பாய்கள் கீழ்த்தட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபடி கிடந்தார்கள். சில பட்டாளங்களுக்குக் கையில் கொடுத்த துப்பாக்கியே புதுசு. கப்பலேறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மாற்றிக் கொடுத்திருந்தார்கள், சுட்டுப் பழக நேரமில்லை.

நவம்பர் 2 காலையில் பாக்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் டாங்கா துறைமுகத்துக்குள் தனியாகப் போய், சரணடையச் சொல்லி ஒரு மணி நேரம் கெடு கொடுத்தது. வருகிறேன் என்று முன்கூட்டியே ஆள் விட்டுச் சொன்ன கதைதான். ஊரில் அப்போது இருந்தது ஒரே ஒரு கம்பெனிப் படை. ஜெர்மன் அதிகாரி மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நகர்ந்தார், நகர்ந்தவர் தந்தியடித்தார். கப்பல் கேப்டன் அடுத்து, துறைமுகத்தில் கண்ணிவெடி இருக்கிறதா என்று எதிராளியிடமே விசாரித்திருக்கிறார். அவர் இருக்கிறது என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்? இல்லாத கண்ணிவெடியைத் துழாவிக்கொண்டே பொழுது போயிற்று. ராத்திரி பத்து மணி வாக்கில்தான் ராஸ் கசோனேயில் ஆள் இறக்க ஆரம்பித்தார்கள். முதலில் இறங்கினவர்கள் 13வது ராஜபுத்திரரும் நம் 61வது பயனியரும்.

இதற்குள் மோஷியிலிருந்து ஜெர்மன் தளபதி லெட்டோ ஃபோர்பெக் ஆட்களை ரயிலேற்றிவிட்டார். உசாம்பரா ரயில்பாதை 1911இல்தான் மோஷி வரைக்கும் முடிந்திருந்தது. 3ஆம் தேதி காலை பயனியரும் ராஜபுத்திரரும் ஊரை நோக்கி நடந்தார்கள். தூங்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. ஊர் எல்லையில் ரயில்பாதைக்கு வெட்டின பள்ளத்தில் எதிரி உட்கார்ந்திருந்தான். பக்கவாட்டிலிருந்து புது ஆட்கள் ரயிலிலிருந்து இறங்கின சூட்டோடு வந்து அடித்தார்கள். அதிகாரிகள் முதலில் விழுந்தார்கள். மிச்சப் பேர் சிதறிக் கடற்கரைக்கே திரும்பினார்கள்.

அன்றைக்கு ராத்திரி லெட்டோ டாங்கா வந்து சேர்ந்தார். ஊர் காலி. அவர் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றி, கடற்கரைப் பக்கம் வரைக்கும் போய், விளக்குப் போட்டு நின்ற கப்பல்களை எண்ணிவிட்டு வந்திருக்கிறார். எய்ட்கன் பக்கமிருந்து ஊரைப் பார்த்து வர உருப்படியாக யாரையும் அனுப்பவில்லை. அந்த மண்ணைப் பழகின கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ் படை துணைக்கு வருகிறோம் என்றபோது வேண்டாம் என்று வேறு சொல்லியிருந்தார். தண்ணீர் பாயிண்ட் பார்க்காமல் வண்டியை நிறுத்தி ராடு இறக்குகிற முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆயிரம் அடி போய்ப் புழுதி பறக்கும்போது திட்டு விழுவது டிரில்லருக்குத்தான்.

4ஆம் தேதி மத்தியானம் முழுப் படையும் நகர்ந்தது. பீரங்கியைக் கரைக்கே இறக்கவில்லை, கப்பல் தட்டிலிருந்தபடி சுட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத தோட்டத்துக்குள் எங்கே சுடுவது? நல்ல வெயில், தண்ணீர் பாட்டில் சண்டை ஆரம்பிக்கும் முன்னாலேயே காலி. லங்காஷயர்காரர்களும் காஷ்மீர் ரைஃபிள்ஸும் ஊருக்குள்ளேயே புகுந்து சுங்க ஆபீஸ் வரைக்கும் போய்விட்டார்கள். இடது கோடியில் 101வது கிரெனடியர்ஸ் மெஷின் கன்னுக்கு நேராக மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே அழிந்தார்கள். 63வது பாளையங்கோட்டைக்காரர்கள் சண்டையின் ஆரம்பத்திலேயே கலைந்து ஓடினார்கள். இதை மழுப்ப வேண்டியதில்லை, ஓடினார்கள்தான்.

அப்புறம் தேனீ. அந்தப் பக்கத்தில் மரத்துக்கு மரம் தேன் எடுக்கக் கூடு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். குண்டு பட்டுக் கூடுகள் கலைந்ததும் தேனீ இரண்டு பக்கத்து ஆட்களையும் விரட்டி விரட்டிக் கொட்டியது. 98வது பட்டாளம் மொத்தமாகச் சிதறியது அதனால்தான். ஜெர்மன் மெஷின் கன்காரர்களும் துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஜெர்மன்காரன் கம்பி கட்டித் தேனீயை ஏவினான் என்றுகூட அன்றைக்குக் கதை கட்டினார்கள். தேனீச் சண்டை என்ற பேரே நிலைத்துவிட்டது. இங்கிலீஷில் இதை எழுதுகிறவர்கள் பாதிப்பேர் சிரிப்பு மூட்டுகிற கதையாகத்தான் எழுதுகிறார்கள். கூறுகெட்ட ஜெனரல், தேனீ, ஓடின மெட்ராஸி. மூன்றையும் வைத்தால் கதை ருசியாக வந்துவிடும். வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5ஆம் தேதி மிச்சப் படை கப்பலேறியது. எட்டாயிரம் பேர், எதிரில் ஆயிரம் பேர். கொல்லப்பட்டவர்கள் 360 என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. காயம்பட்டவர்களைச் சேர்த்தால் 847. ஜெர்மன் பக்கம் 16 ஜெர்மானியரும், அஸ்காரி என்று சொல்கிற ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் 55 பேரும் செத்தார்கள். கரையில் போட்டுவிட்டு வந்த மெஷின் கன்கள், நூற்றுக்கணக்கான ரைஃபிள்கள், 6 லட்சம் தோட்டா எல்லாம் லெட்டோவுக்கு. அந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் 1918 நவம்பர் 25 வரைக்கும் பிடிபடவே இல்லை. ஐரோப்பாவில் போர் நின்று இரண்டு வாரம் கழித்துத்தான் ஆயுதத்தைக் கீழே வைத்தார். லண்டனில் டாங்கா தோல்வியைப் பல மாதம் வெளியில் விடாமல் மூடி வைத்தார்கள். செத்தவன் வீட்டுக்கு எப்போது, என்னவென்று செய்தி போயிருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையிலிருந்து நினைவிடத்துக்குப் போனோம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பார்த்துக்கொள்கிற சின்ன வளாகம். ஐரோப்பாவில் படத்தில் பார்க்கிற மாதிரி வெள்ளைக் கல் வரிசை வரிசையாக நிற்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். சிப்பாய்களுக்குப் பெயர் உண்டு, பட்டாளம் உண்டு. டிரில்லர் தம்பி விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தான்.

"எந்தூருன்னு போடலீங்களாண்ணா?"

போடவில்லை. எங்கள் கொங்கு நாட்டில் ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வியே "எந்தூருங்க" என்பதுதான். ஊரைச் சொன்னால் யார் வீடு, எந்தத் தோட்டம், யாருக்கு என்ன முறை என்று மளமளவென்று வந்துவிடும். ஊர் இல்லாத பெயரை வைத்துக்கொண்டு எங்களுக்கு ஒன்றும் செய்யத் தெரியாது. அவன் இன்னொரு தரம் மேலிருந்து கீழே படித்தான்.

அப்புறம் அவன் கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. "அண்ணா, வெள்ளைக்காரனுக்குச் சண்ட போட்டவிங்களுக்கு நாம எதுக்குங்க கும்புடோணும்? எங்கூருக் கோட்டையில சின்னமலையத் தூக்குல போட்டதே அவனுகதானுங்களே."

சங்ககிரிப் பையனுக்கு அந்தக் கேள்வி வரும், வர வேண்டும். தீரன் சின்னமலையை 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் அங்கே கூட்டம் கூடுகிறது, இவனும் சின்ன வயதிலிருந்து போகிறவன். கும்பினிக்கு எதிராக நின்று செத்தவரைக் கும்பிடுகிற ஊர்க்காரன், கும்பினியின் வாரிசுக்காகச் செத்தவனை என்ன செய்வது? டாங்கா சண்டையில் இந்தியாவுக்கு ஒரு லாபமும் இல்லை, ஆப்பிரிக்கருக்கும் இல்லை. ஒரு ராஜா கையிலிருந்த ஊரை இன்னொரு ராஜா பிடுங்குவதற்கான சண்டை. 1916 ஜூலையில் அதே டாங்காவை பிரிட்டிஷார் பிடித்தபோது ஜெர்மானியர் முன்பே போய்விட்டிருந்தார்கள். பெரிய சண்டையே இல்லை. இருபது மாதம் பொறுத்திருந்தால் இத்தனை பேர் சாக வேண்டியதில்லை என்றுகூடச் சொல்லலாம். நான் அவனுக்கு அதையெல்லாம் சொல்லவில்லை. சிப்பாய்க்கு அன்றைக்கு மாசம் 11 ரூபாய் சம்பளம் என்று மட்டும் சொன்னேன்.

"பேட்டா?"

"கடல் தாண்டினாப் படி உண்டு. சாப்பாடும் அவிங்க குடுத்துருவாங்க."

"அப்ப நம்மளாட்டத்தானுங்ண்ணா."

சம்பளத்துக்குப் போனவர்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சம் சேலம், கோயம்புத்தூர் ஜில்லாக்களை என்ன செய்தது என்பது எங்கள் பாட்டன் காலப் பேச்சில் இருந்தது. அந்தப் பஞ்சத்தில் பிழைத்தவர்களின் பிள்ளைகள்தான் 1914இல் பட்டாளத்து வயதில் இருந்தார்கள். மழை பொய்க்கிற ஊரில் மாசச் சம்பளம் என்ற சொல்லுக்கு என்ன கனம் என்று ரிக் வண்டியேறி நாடு நாடாகப் போகிற எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, ஓடினவர்களை என்ன செய்வது? இதற்கு எங்கள் நாட்டில் ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அம்மா ஊர்ப் பக்கம் அண்ணன்மார் கோயில் நோம்பி. பொன்னர், சங்கர் கதையை உடுக்கையடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். கதை முடிவில் அண்ணன்மார் இருவரும் சாகிறார்கள், எதிரி வாளால் இல்லை, தங்கள் வாளாலேயே. அந்த ராத்திரிக்குப் படுகளம் என்று பெயர். உடுக்கைக்காரர் குரல் அதுவரைக்கும் சாவகாசமாகக் கதை சொல்லிக்கொண்டிருக்கும். திடீரென்று அடி நெருங்கும். வேட்டியை இறுக்கிக் கட்டின ஆம்பளைகள் ஒவ்வொருத்தராக மருள் வந்து, வெட்டின மரம் கணக்காக இல்லாமல், முதலில் முழங்கால் மடங்கி, அப்புறம் தோள், அப்புறம் தலை என்று மெதுவாக மண்ணில் சாய்வார்கள். சாய்ந்தவனை ரெண்டு பேர் தூக்கி வரிசையில் கிடத்துவார்கள். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருக்கும், பிரிக்கப் பார்த்தாலும் வராது. மேலே வெள்ளைத் துணி. சுற்றி நிற்கிற பெண்கள் நிஜ எழவு வீட்டு மாதிரியே அழுவார்கள். கிடப்பவன் யாரோ ஒருத்தியின் புருஷன், யாரோ ஒருத்தியின் தம்பி. விடிகிற நேரத்துக்குத் தங்காள் வந்து தீர்த்தம் தெளித்து எழுப்புவாள். எழுந்தவர்களுக்கு எங்கே கிடந்தோம் என்று தெரியாது. ஒரு பெரியவர் செம்புத் தண்ணீரை வாயில் ஊற்றி, "போதுங் கண்ணு, எந்திரி" என்று முதுகைத் தடவிக்கொடுப்பார்.

இத்தனை வருஷம் பார்த்ததில் ஒன்று கவனித்திருக்கிறேன். விழுந்தவன் எப்படி விழுந்தான் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வீரமாக விழுந்தானா, தள்ளாடி விழுந்தானா, முதல் ஆளா, கடைசி ஆளா, எல்லாருக்கும் ஒரே துணி, ஒரே தீர்த்தம். காட்டோரத்துப் புலிக்குத்திக் கல்லும் அப்படித்தான். பல கல்லில் எழுத்தே கிடையாது. புலியைக் குத்தினானா, புலி அவனைக் குத்தினதா என்று வழக்கு வைக்காமல்தான் அமாவாசைக்கு எண்ணெய் வைக்கிறார்கள்.

பட்டாளத்துக் கணக்கு வேறு. அங்கே ஓடினவனை எழுதி வைப்பார்கள், அதை வைத்து அவன் பேரன் தலைமுறைக்கே தீர்ப்பு எழுதுவார்கள். மெட்ராஸ்காரன் போருக்கு லாயக்கில்லை என்ற பேச்சு டாங்காவுக்கு முன்னாலேயே இருந்தது. லார்டு ராபர்ட்ஸ் 1881இலிருந்து நாலு வருஷம் மெட்ராஸ் படைக்குத் தலைவராக இருந்தவர். பிற்பாடு மொத்த இந்தியப் படைக்கும் தலைவரானார். தெற்கத்தி ஆள் சரிப்படமாட்டான், வடக்கே மலைக்காரனும் பஞ்சாபியும்தான் வீரன் என்பது அவர் கட்சி. மெட்ராஸ் பட்டாளங்களைக் கலைத்தார்கள், நம்பரை வைத்துக்கொண்டு ஆளைப் பஞ்சாபியாக மாற்றினார்கள். ஒழுங்காகப் பயிற்சி கொடுக்காமல், நல்ல அதிகாரிகளை வேறு பக்கம் அனுப்பிவிட்டு, மிச்சம் வைத்திருந்த பட்டாளத்தைக் கப்பலேற்றி, தலைச்சுற்றலோடு இறக்கி, அவன் ஓடினதும் பார்த்தாயா நான் அப்போதே சொன்னேன் என்றார்கள். அந்தக் காடு, அந்தத் துப்பாக்கி, அந்தத் தூக்கமில்லாத ராத்திரி, எதுவும் சிப்பாய் தேர்ந்தெடுத்ததில்லை. ஆங்கிலேயப் பட்டாளமும் அன்றைக்குச் சாயங்காலம் பின்வாங்கித்தான் வந்தது. அவர்களை வைத்து லங்காஷயர்காரன் இனமே கோழை என்று யாரும் எழுதவில்லை.

எய்ட்கனைக் கர்னலாக இறக்கினார்கள், அதற்குமேல் படை நடத்தக் கொடுக்கவில்லை. 61வது பயனியர் ஆப்பிரிக்காவிலேயே இருந்து, அவர்களுக்குத் தெரிந்த வேலையான மண்வெட்டு வேலையைச் செய்தார்கள். பயனியர் பட்டாளங்களை 1930களின் ஆரம்பத்தில் மொத்தமாகக் கலைத்தாயிற்று. மெட்ராஸ் ரெஜிமெண்டையும் இரண்டு போருக்கும் நடுவில் கலைத்துவிட்டு, இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் திரும்பவும் எழுப்பினார்கள். அப்போது மட்டும் மெட்ராஸி வீரனாகிவிட்டான். இன்றைக்கு அந்த ரெஜிமெண்டின் மையம் எங்களுக்கு மேலே, மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் வெலிங்டனில் இருக்கிறது. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று அந்தப் பசங்கள் கத்துகிறபோது ஊட்டிக்குப் போகிற டூரிஸ்ட் பஸ்கூட ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கும்.

நம் ஆட்களுக்குப் பெயராவது எங்கோ இருக்கிறது. அந்தப் போரில் சுமை தூக்கின ஆப்பிரிக்கர்களுக்கு அதுவும் இல்லை. பிரிட்டிஷ் பக்கம் மட்டுமே ஒரு லட்சத்துக்கு நெருங்கின சுமைகூலிகள் செத்தார்கள், பெரும்பாலும் பேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும். போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது: பெயரில்லாமலோ, நினைவுச் சின்னமே இல்லாமலோ விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர், அது மூன்றரை லட்சம் வரைக்கும்கூட இருக்கலாம் என்று. அதில் பெரும்பகுதி கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியரும். எங்கள் பஜாஜி டிரைவர் வெளியில் நிழலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அவர் பாட்டனுக்குப் பாட்டன் எந்த மூட்டையைத் தூக்கினாரோ. கேட்கத் தோன்றியது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்வாஹிலியில் விலை பேசலாம், டீசல் வாங்கலாம், இதைக் கேட்க முடியாது.

கிளம்பும் முன் தம்பி சட்டைப் பையில் வைத்திருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தான். அர்த்தநாரீஸ்வரர் கோயில் விபூதி, வண்டி ஸ்டார்ட் செய்யும்போது டேஷ்போர்டில் பூசுவதற்காக வைத்திருப்பது. கிறிஸ்தவன், முஸ்லிம் எல்லாம் இருப்பானே, பூசலாமா என்று என்னைப் பார்த்தான். பூச வேண்டாம், சும்மா கும்பிட்டுக்கலாம் என்றேன். கும்பிட்டுக்கொண்டோம்.

பேரிங் வந்து சேர்ந்து, வண்டி ஓட ஆரம்பித்து, நான் ஊர் திரும்பியும் ஆயிற்று. தம்பி இன்னமும் அங்கேதான் இருக்கிறான். போன் செய்கிறபோதெல்லாம் அந்தப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கிறான். தான்சானியாவில் வண்டி ஓட்டுகிற நம் பசங்கள் நிறையப் பேர் இதைப் படிப்பார்கள் என்பதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். தார் எஸ் சலாமிலிருந்து டாங்காவுக்கு 350 கிலோமீட்டர், பஸ்ஸில் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முஹேஸாவில் ஆரஞ்சு வாங்குங்கள், மலிவு. ராஸ் கசோனேக்குக் கடல் வற்றுகிற நேரம் கேட்டுக்கொண்டு போங்கள், ஏற்றத்தில் மணலே மிஞ்சாது. ஊருக்குள் போமா என்கிற பழைய ஜெர்மன் அரசாங்க ஆபீஸ் கட்டடத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது.

பெயர் தேட வேண்டும் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பட்டாளத்தையும் தேதியையும் கொடுத்துத் தேடலாம். கல்லில் இல்லாவிட்டாலும், இந்தியச் சிப்பாய்கள் சிலருடைய பதிவில் அப்பன் பெயர், ஊர், தாலுக்கா, ஜில்லா வரைக்கும் இருக்கும். எழுத்துக்கூட்டல் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி இருக்கும், வாய்விட்டுப் படித்தால்தான் ஊர் பிடிபடும். இன்னொன்று, ஜில்லா எல்லாம் அன்றைய கணக்கு. ஈரோடு, தாராபுரம், காங்கயம் ஆட்களைக் கோயம்புத்தூர் ஜில்லாவில் தேட வேண்டும், திருச்செங்கோட்டுக்காரர்களைச் சேலத்தில். நாமக்கல் தாலுக்கா 1910இலேயே திருச்சி ஜில்லாவுக்குப் போய்விட்டது, அதனால் அந்தப் பக்கத்து ஆட்களைத் திருச்சியில் பாருங்கள்.